தண்ணீர் பழுக்கிற வரை

மார்ச் 4, திங்கள்

கதவைத் திறந்ததும் செருப்பு நனைந்தது. ஹால் முழுக்கத் தண்ணீர். அண்ணன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான், சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, பரீட்சை எழுதி முடித்த பையன் மாதிரி.

"புதுத் தொட்டி, பொடிசு. இன்னைக்குத்தான் தண்ணி விட்டேன். ஒரு மாசத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாது."

எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. என்னைப் பொடிசு என்று கூப்பிட மிச்சம் இருப்பவன் இவன் ஒருவன்தான்.

புது மீன் தொட்டி இல்லை அது. டிசம்பர் தொடக்கத்தில் வைத்தான். பிப்ரவரியில் எல்லாவற்றையும் இறைத்துவிட்டு மறுபடி வைத்தான். இன்றைக்கு இன்னொரு முறை. மண்ணை அள்ளி அலசி, செடிகளைப் பிடுங்கி நட்டு, குழாய்த் தண்ணீர் நிரப்பி, விளக்கையும் போட்டிருக்கிறான். வேலை சுத்தம். முன்பக்கம் மண் தாழ்ந்து பின்பக்கம் ஏறுகிறது, மரக்கட்டை சரியாக இடது ஓரத்தில் சாய்ந்திருக்கிறது. முப்பது வருஷம் ஊரார் வீட்டிலும் ஆபீஸ் வரவேற்பறையிலும் தொட்டி வைத்துக் கொடுத்த கை அது. கைக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அவனுக்குத்தான் இல்லை.

துடைத்து முடிக்க இருட்டிவிட்டது. இது மூன்றாவது தடவை என்று அவனிடம் சொல்லி என்ன?

மார்ச் 5

மாப்பைப் பிழியப் பிழிய மண் வருகிறது.

மார்ச் 10, ஞாயிறு

பெரியக்கா போன். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு அவள் தரும் யோசனைகளுக்குக் குறைவே கிடையாது. "அந்தக் கண்ணாடிப் பெட்டிய தூக்கி வெளிய போடு. ரெண்டு நாள் தேடுவான், அப்புறம் மறந்துடுவான்."

அதுதானே அக்கா பயமே என்று சொல்ல நினைத்தேன். குக்கர் சத்தம் போடுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

டாக்டர் சொன்னதை அவளுக்கு எத்தனை தரம்தான் சொல்வது? "கைக்குப் பழகின வேலைய மட்டும் நிறுத்த விடாதீங்க. அது இருக்கிற வரைக்கும் அவரு இருப்பாரு." நோயின் பெயரை அவர் சொன்னபோது அண்ணன் பக்கத்தில்தான் இருந்தான். வெளியே வந்ததும், "யாருக்காம் அந்த வியாதி?" என்று கேட்டான். பாவம் யாரோ, என்றேன்.

மார்ச் 13

தொட்டி விஷயத்தை எனக்காகவே ஒருமுறை எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நானும் குழம்பிவிடுவேன்.

புதிதாக ஊற்றிய தண்ணீர் பார்க்கத்தான் சுத்தம். அதில் மீனை விட்டால், அதன் கழிவே அதற்கு விஷமாகிவிடும். அந்தக் கழிவைத் தின்று தீர்க்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மண்ணிலும், காற்றுக் குழாய் சொருகிய ஸ்பாஞ்சிலும் குடியேற வேண்டும். அதற்கு ஒரு மாதத்துக்கு மேலேகூட ஆகும். அழகுக்கு வளர்க்கிற குட்டி இறால், மீனைவிட நோஞ்சான், அதற்கு இன்னும் பொறுக்க வேண்டும். அண்ணன் இதற்கு வைத்த பேர், தண்ணீர் பழுப்பது. 'தண்ணி பழுக்கணும் சார்' என்று சொல்லிச் சொல்லியே பாதி வாடிக்கையை இழந்தவன். பழுக்காத தண்ணீரில் மீன் விடச் சொன்ன ஒரு பெரிய மனிதரிடம், "அப்ப பிளாஸ்டிக் மீன் வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

இப்போது என்ன நடக்கிறதென்றால், அவன் காத்திருக்கிறான். காத்திருந்ததை மறந்துவிடுகிறான். தொட்டியைப் பார்க்கிறான், மீன் இல்லை. அப்படியானால் இன்னும் வைக்கவில்லை என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். ஜனவரியில் மீன் இருந்தது. பிப்ரவரியில் அவன் தண்ணீரை மாற்றியதும் அத்தனையும் மறுநாளே மிதந்தன. "எந்த முட்டாள் பழுக்காத தண்ணில விட்டது?" என்று அவன் அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன். அதனால்தான் பழுக்கும் வரை மீனும் வேண்டாம், இறாலும் வேண்டாம் என்று இருக்கிறேன்.

எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. இன்னும் ஒரே ஒரு தடவை அவன் தொட்டி பழுக்க வேண்டும். அதில் இறால் ஓடுவதை, தன் தொட்டி என்று தெரிந்து அவன் பார்க்க வேண்டும். அது போதும் எனக்கு.

மார்ச் 16, சனி

அவன் கையாலேயே ஒரு சீட்டு எழுத வைத்து, கண்ணாடியில் ஒட்டினேன். 'தண்ணீர் விட்டாயிற்று. தொடாதே. பழுக்கிறது.' எழுதும்போது சிரித்தான். "எனக்கே உத்தரவா?"

மார்ச் 27

சீட்டு வேலை செய்கிறது! தினமும் படிக்கிறான், தலையாட்டுகிறான், போய்விடுகிறான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நல்ல நாள். எழுதியே ஆக வேண்டும்.

செடியை வெட்ட என்னையும் உட்கார வைத்தான். நீளமான கத்தரிக்கோல். தண்டை எங்கே வெட்ட வேண்டும், வெட்டிய நுனியை இடுக்கியால் மண்ணுக்குள் எப்படிச் சாய்த்துச் சொருக வேண்டும் என்று காட்டினான். நான் சொருகியதெல்லாம் மிதந்து மேலே வந்தது.

"மூக்குக் கண்ணாடிக் கடையில முப்பது வருஷமா நோண்டுற, ஒரு ஸ்க்ரூ இப்படி நழுவுமா?"

"ஸ்க்ரூவுக்கு நீச்சல் தெரியாது."

வாய்விட்டுச் சிரித்தான். பிறகு தொட்டியைக் காட்டி, என்ன தெரியுது என்றான். தண்ணி தெரியுது என்றேன். "அதான் தப்பு. பழுத்துட்டா தண்ணி தெரியாது. செடி காத்துல நிக்கிற மாதிரி இருக்கும்." இதைச் சொன்னபோது அவன் முழுசாக அண்ணனாக இருந்தான். ஒரு பொத்தல் இல்லை.

ஏப்ரல் 17, புதன்

மீன் கடைக்காரர் வந்து தண்ணீரைச் சோதித்தார். ஒரு காலத்தில் அண்ணனோடு தொட்டி தூக்கியவர், இப்போது சொந்தக் கடை. சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்து சொட்டினார். பச்சையானால் விஷம் இருக்கிறது, மஞ்சளாகவே நின்றால் இல்லை. மஞ்சளாக நின்றது. "ஞாயித்துக்கிழமை இறால் கொண்டாறேங்கா. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க." சொன்னேன். அன்று சாயங்காலம் நாலு தரம் கேட்டான், நாலு தரமும் சந்தோஷப்பட்டான். மறதியிலும் ஒரு லாபம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

காய்கறி வாங்கத்தான் போனேன். அரை மணி நேரம்கூட இருக்காது.

திரும்பி வந்தால் தொட்டி காலி. மண் பக்கெட்டில். ஸ்பாஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப் போட்டிருக்கிறான். சீட்டு குப்பைக் கூடையில். "எவனோ என் கையெழுத்து மாதிரியே எழுதி ஒட்டியிருக்கான் பொடிசு. தண்ணியே இல்லாத தொட்டில தண்ணி விட்டாச்சாம்."

இறைத்த பிறகுதான் சீட்டைப் பார்த்திருக்கிறான். அவன் பக்கம் நியாயம்தான்.

அந்த நேரம் பார்த்து மீன் கடைக்காரர், கையில் பாலிதீன் பை, பைக்குள் சிவப்புச் சிவப்பாக இறால். பார்த்தவுடன் புரிந்துகொண்டார். எங்கே வைப்பது? துணி ஊற வைக்கிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருந்தது, சோப்பு வாசனை போக அலசி என் அறை ஜன்னல் ஓரத்தில் வைத்தோம். கடைக்கு ஓடிப்போய்ப் பழுத்த தண்ணீரும், பழுத்த ஸ்பாஞ்ச் ஒன்றும், ஒரு பிடி பாசியும் கொண்டு வந்தார். "இத நோண்டாம விட்டுடுங்கக்கா. அவ்வளவுதான்."

நோண்டவா? எனக்கு எழுந்து நிற்கவே தெம்பு இல்லை.

மே 12, ஞாயிறு

கவனிக்காமல் விட்டதெல்லாம் கொழிக்கும் போலிருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் மண் இல்லை, விளக்கு இல்லை, அழகு என்பது மருந்துக்கும் இல்லை. இறால்கள் அதில் பாசியைக் கிள்ளித் தின்றுகொண்டு சுகமாக இருக்கின்றன. ஒரு குண்டு இறால் வயிற்றடியில் முட்டைக் கொத்தோடு திரிகிறது. மற்றதையெல்லாம் முட்டி ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து நிற்கும். முதலாளியம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் கடை முதலாளியம்மாவுக்கு இது தெரிய வேண்டாம்.

மே 19

அண்ணன் என் அறைக்கு வந்து பார்த்துவிட்டான். "துணி ஊற வைக்கிற டப்பால இறால் வளக்கிறியே, வெக்கமா இல்ல?" குனிந்து வெகுநேரம் பார்த்தான். "முட்டை வச்சிருக்கு. நல்லாத்தான் வச்சிருக்க." பிறகு, "என் தொட்டி பழுக்கட்டும். இதுங்கள அங்க மாத்திடலாம்."

மாத்திடலாம் அண்ணா.

ஜூன் 9, ஞாயிறு

மீன் கடைக்காரர் ஒரு வழி சொன்னார். என் பிளாஸ்டிக் தொட்டியில் கூடுதலாக ஒரு ஸ்பாஞ்சைப் போட்டு ஊற விட்டோம். அது பழுத்துவிட்டது. அதை அண்ணன் தொட்டியில் ரகசியமாகச் செருகிவிட்டால் கிருமிகள் குடியும் குடித்தனமுமாக இடம் மாறிவிடுமாம், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. திருடி மாதிரிச் செருகிவிட்டு வந்தேன்.

ஜூன் 11

"ஒரு ஸ்பாஞ்ச் ஒரே வழவழன்னு அழுக்கா இருந்துச்சு பொடிசு. நல்லா கழுவிட்டேன்."

குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைக் கழுவினார்கள் என்பதற்காக ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியரையே திட்டியவன் இவன். குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். என்ன பண்ணச் சொல்றீங்க என்னை? யாரைக் கேட்கிறேன் என்றுகூடத் தெரியவில்லை.

ஜூன் 24, திங்கள்

இனி இறைக்கவே முடியாதபடி செய்தேன். ஹோஸ், பக்கெட், கப் எல்லாவற்றையும் என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாயங்காலம் வந்தால், டம்ளர். காப்பி குடிக்கிற டம்ளரால் மொண்டு, சமையலறைத் தொட்டிவரை நடந்து, ஊற்றி, திரும்பி வந்து மறுபடி மொண்டு. காலையிலிருந்து. சாப்பாடு மூடி வைத்தபடியே இருக்கிறது. பாதித் தொட்டிதான் இறைத்திருந்தான். சட்டை முழுக்க ஈரம், விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன. "ஹோஸ யாரோ எடுத்துட்டாங்க. அதனால என்ன, ஆயிடும்" என்றான்.

அலமாரியைத் திறந்து ஹோஸை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதை வாங்கி, ஒரு முனையை உறிஞ்சி, தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் நிம்மதியாக என்னைப் பார்த்தான். இனி ஒளிக்க மாட்டேன். தெய்வமே, இனி எதையும் ஒளிக்க மாட்டேன்.

ஜூலை 8, திங்கள்

லீவு போட்டிருக்கிறேன். குட்டி போட்ட பூனை மாதிரி அவனையே சுற்றி வருகிறேன். நான் எதிரில் இருந்தால் தொட்டியைத் தொடுவதில்லை. "நீ வேலைக்குப் போகல?" என்று மட்டும் கேட்கிறான். அடிக்கடி.

ஜூலை 18

லீவு முடிந்தது. கடை முதலாளியம்மா ரொம்பவே பொறுத்துப்போனார்.

ஜூலை 19, வெள்ளி

இதை எழுதக் கூடாது. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

இன்றும் தரை ஈரம். செருப்பைக் கழற்றவில்லை, பையை வைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. எத்தன தடவடா? எத்தன தடவ? பொழுது விடிஞ்சா உன் தண்ணிய துடைக்கத்தான் நான் பொறந்தேனா? அண்ணனை டா போட்டுப் பேசினேன். சின்ன வயதில் சண்டையில்கூட அப்படிச் சொன்னதில்லை.

அவன் கத்தவில்லை. ஹோஸைச் சுருட்டிக் கீழே வைத்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"என்ன தப்பு பண்ணேன்னு சொல்லிடு. திருத்திக்கிறேன்."

சொன்னேனா? சொல்ல முடியுமா? ஒண்ணும் இல்லண்ணா, கடையில ஒருத்தி கிட்ட சண்ட, அந்தக் கோவம், என்றேன். அவள் யார், என்ன சொன்னாள் என்று கேட்டான். இல்லாத ஒருத்தியைப் பற்றி ஒரு கதை கட்டினேன். "நாளைக்கு நான் வந்து அவகிட்ட பேசவா?" என்றான்.

இரண்டு பேருமாகத் தரையைத் துடைத்தோம்.

ஜூலை 20

காலையில் அவனுக்கு எதுவும் நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தெருமுனைக்குப் போனவனுக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. நல்லவேளை, மீன் கடைக்காரர் பார்த்துக் கூட்டி வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தது. "என்னைப் பாத்து, தம்பி எந்த ஊருன்னு கேட்டாருக்கா" என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார்.

திங்கட்கிழமையிலிருந்து பகலில் அவனோடு இருக்க ஒரு அம்மா வருகிறார். பொறுமையானவர். தொட்டி வேலை செய்தால் தடுக்க வேண்டாம், தரையைத் துடைக்கவும் வேண்டாம், நான் வந்து துடைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 16

தரை காய்ந்திருக்கிறது. நேற்றும் காய்ந்திருந்தது. கண்படக் கூடாது, வெளியே சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

ஜூலை கடைசியில் விட்ட தண்ணீர் இன்னும் அப்படியே இருக்கிறது! கண்ணாடியில் பழுப்பாகப் படிந்திருந்த அழுக்குகூடத் தானாகப் போய்விட்டது. செடி மேலே முட்டுகிறது. பாசி மரக்கட்டையை மூடிவிட்டது. பெரியக்காவிடம் போனில் பெருமையடித்தேன். "பாத்தியா, பழகிக்கிட்டான்." அவள் பதிலுக்கு, "சாப்பிடுறானா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 6

கத்தரிக்கோலும் இடுக்கியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மேலே தூசி. செடியை வெட்டலாமா அண்ணா என்றேன். ம், என்றான்.

செப்டம்பர் 11

சோதித்தாயிற்று. மஞ்சள். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை நான் காய்கறி வாங்கப் போக மாட்டேன். சோறும் ஊறுகாயும் போதும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இறால்களை மாற்றினோம். பிளாஸ்டிக் தொட்டியை ஹாலுக்குக் கொண்டு வந்து கீழே வைத்து, அண்ணன் தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ விட்டோம். புதுத் தண்ணீரை அதுகள் மெல்லப் பழக வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் செத்துவிடும். மத்தியானம் வரை சொட்டியது. அண்ணனை முக்காலியில் உட்கார வைத்திருந்தோம். பிறகு வலையால் அள்ளி விட்டோம், முதலாளியம்மா, அவள் பெற்ற பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் எல்லாவற்றையும். மீன் கடைக்காரர் தன் பங்குக்கு நாலைந்து நியான் மீன்களையும் விட்டார்.

தண்ணீர் தெரியவில்லை. செடி காற்றில் நிற்கிற மாதிரி இருந்தது. பாசி மேலே சிவப்பு சிவப்பாக நடக்கின்றன, மீன்கள் ஒரே பக்கமாகத் திரும்புகின்றன. அவன் சொன்னது அத்தனையும் சரி. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குனிந்து, கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தான். வெகுநேரம். முகம் மலர்ந்தது. எத்தனை மாதமாயிற்று அப்படிப் பார்த்து!

"ரொம்ப நல்லா இருக்கு. யாரு வச்ச தொட்டி இது?"

மீன் கடைக்காரர் காலி பக்கெட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

"எங்க அண்ணன் வச்சது" என்றேன்.

"உங்க அண்ணனா? நல்லா பொறுத்திருக்காரும்மா. இதெல்லாம் அவசரப்பட்டா வராது. தண்ணி பழுக்கணும்."

ஆமாம், என்றேன். அவருக்குப் பொறுமை ஜாஸ்தி, என்றேன்.

அக்டோபர் 3

பெரியக்கா வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். தொட்டியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கிளம்புகிற அன்று எனக்கு முன்னால் எழுந்து அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 21, திங்கள்

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஹோஸையும் பக்கெட்டையும் எடுத்து அவன் முக்காலிக்குப் பக்கத்தில், கை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். போன வாரத்திலிருந்து இப்படித்தான். இறைத்தால் இறால்கள் கதி என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைக்கிறேன்.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் முதலில் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது.